ஒரே கயிறு, இரண்டு பங்கு

"கயித்தை இழுத்துப் பிடிடா, தொய்யவே கூடாது. அப்புறம் அண்ணன் ஏமாத்திட்டான்னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டுத் திரிவே!"

வாத்தியார் சிரித்துக்கொண்டே சொன்னார். மறுமுனையில் நின்ற தம்பியும் சிரித்தான். அப்பா விட்டுப்போன மனையை இருவரும் பிரித்துக்கொள்ளும் நாள். மரத்தடியில் மேசை போட்டுப் பத்திரம் எழுதுபவர் காத்திருந்தார்.

மனையின் வடிவம்தான் தொல்லை. தெருவைப் பார்த்த மாதிரி ஒரு சதுரம். அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, சதுரத்தையும் தாண்டிப் பின்னால் நீண்டு போகும் ஒல்லியான ஒரு துண்டு.

வாத்தியார் சதுரத்தின் நாலு மூலையிலும் முளை அடித்துக் கயிற்றைச் சுற்றினார். முனைகள் இரண்டும் சரியாகத் தொட்டுக்கொண்டன. அதே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் ஒல்லித் துண்டைச் சுற்றினார். அங்கேயும் அச்சு அசலாகத் தொட்டன.

"பாத்தியா? அங்கே சுத்தின அதே கயிறு. ஒரு விரக்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சதுரம் எனக்கு, இது உனக்கு."

தம்பி துண்டின் நீளத்தை ஒருமுறை பார்த்தான். "அப்ப ரெண்டும் சமம்தானாண்ணே?"

"கண்ணால பாத்துட்டு இது என்னடா கேள்வி?"

தம்பி தலையாட்டினான். மேசைப் பக்கம் போய்ப் பத்திரம் எழுதுபவரிடம் குனிந்து ஏதோ சொன்னான். தண்ணீர் கேட்கிறான் போல என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

இருபத்தெட்டு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுப்பவர் அவர். வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு பிள்ளை இதே தப்பைச் செய்யும். சுற்றளவு ஒன்றாக இருந்தால் பரப்பளவும் ஒன்றுதான் என்று எழுதி வைக்கும். "வேலி நீளம் வேற, உள்ள இருக்கிற இடம் வேறடா மண்டு!" என்று தலையில் குட்டித் திருத்துவார். சதுரம் நாற்பதுக்கு நாற்பது, ஆயிரத்து அறுநூறு சதுர அடி. துண்டு எழுபதுக்குப் பத்து, வெறும் எழுநூறு.

மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் ஓய்வு பெறுவதற்குள் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்ற வெறி அதைவிடப் பெரிதாக இருந்தது. சரிபாதியாகப் பிரித்தால் நினைத்த வீடு வராது.

தம்பிக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல் வரும். அவனுடைய வீட்டுப் பாடத்தை எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டு, அவனுக்குப் பதிலாகப் பிரம்படி வாங்கியவரே இந்த அண்ணன்தான். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஏதோ கட்டட வேலைக்குப் போனான். என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை. முட்டியில் தேய்ந்து வெளுத்த அவனுடைய கால்சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது, பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று.

மேசை முன்னால் பேனாவைக் கையில் வாங்கியவன் மறுபடியும் நிமிர்ந்தான்.

"அண்ணே, நீ சொன்னா சரிதான். ரெண்டும் சமம்தானே?"

"சமம்தான்டா. சின்ன வயசுல எனக்கு வாங்கிக் குடுத்த அடி போதாதா? போடுடா கையெழுத்தை."

தம்பி அவர் முகத்தையே பார்த்தான். பிறகு மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, "வரேண்ணே" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். திரும்பிப் பார்க்கவில்லை.

வாத்தியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "பாவம், வெள்ளந்தி. கணக்குன்னா அவனுக்கு வேப்பங்காய்" என்றார்.

பத்திரம் எழுதுபவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கு, உங்க தம்பிக்கா? எங்க வீட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டினவரே அவர்தான் சார். வாசப்படியில நின்னு ஒரு பார்வை பார்த்தார். எத்தனை சதுர அடி, எத்தனை டைல்ஸ்னு சொல்லிட்டார். வேலை முடிஞ்சப்ப ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்."

வாத்தியார் தம்பி போன திசையைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்டான்? ஏன்?"

பத்திரம் எழுதுபவர் மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு பத்திரத்தை எடுத்தார். அதிலும் தம்பியின் கையெழுத்து இருந்தது.

"காலையில உங்களுக்கு முன்னாடியே வந்து எழுதச் சொன்னார். தன் பங்கையும் சேர்த்து மொத்த மனையையும் உங்களுக்கே விட்டுக் குடுக்கறதா. 'எனக்காக அடி வாங்கின அண்ணன், வீடு கட்ட ஆசைப்படுது'ன்னார். அளந்து முடிச்சதும் கையில குடுத்துத் திகைக்க வைக்கணும்னு ஒரே சந்தோஷம்."

வாத்தியாரின் கை தன்னையறியாமல் அந்தத் தாளை நோக்கி நீண்டது.

பத்திரம் எழுதுபவர் அதை இரண்டாகக் கிழித்தார். "மன்னிச்சுக்குங்க சார். கயிறு சுத்தி முடிச்சதும் என்கிட்ட வந்து சொன்னார்: 'இன்னொரு தடவை கேப்பேன். அப்பவும் அண்ணன் சமம்னு சொன்னா, இதைக் கிழிச்சிடுங்க.'"