உள்பலகை

"மீன்தொட்டி ஸ்டாண்டு கல்லு மாதிரி நிக்குது, மரியஜான்!"

செய்யச் சொன்னவர் ஒரு மாதமாக, பார்க்கும்போதெல்லாம் இப்படிப் பாராட்டினார். அதைச் செய்த தச்சன் நான், தலையைக் குனிந்துகொண்டு நழுவுவேன்.

ஸ்டாண்டுக்கு வெளியே தேக்கு. லைட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தனித்தனி அறை. ஆனால் தண்ணீரில் ஊறாத மரைன் பிளைவுட் சொன்ன நாளில் வந்து சேரவில்லை. உள்ளே சாதாரணப் பலகையை வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

"பாவசங்கீர்த்தனம் செய்யுங்க, செஞ்ச பாவத்தச் சொல்லிட்டா நிம்மதியாவது கிட்டும்" என்றாள் மனைவி ரீத்தா. "நம்ம கோயிலு பக்கத்துலதான இருக்கு?"

"அங்க முடியாது, ஏட்டி."

என்னை யாரும் அறியாத ஊராகப் பார்த்து, திற்பரப்புப் பக்கம் பஸ் ஏறினேன். அங்கே கோயிலில் எனக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்தார். திரும்பினார்.

"ஃபாதர், நீங்களா?"

எங்கள் ஊர்க் கோயிலின் பங்குச் சாமியார். ஸ்டாண்டு செய்யச் சொன்னவரும் அவர்தான்.

"நானும் மனுசன்தான மக்கா. நம்ம ஊர்ல நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?" அவர் குரல் தாழ்ந்தது. "நேத்து ஸ்டாண்டு ஒடிஞ்சு தொட்டி விழுந்துட்டு. சமையக்காரன் சவரிமுத்துதான் இடிச்சிருப்பான்னு அவன அடிச்சு வெரட்டிட்டேன். 'நான் தொடவே இல்ல ஃபாதர்'னு அழுதுட்டே போனான்."

அவர் முறை வந்தது. எழுந்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே முழந்தாளிட்டேன்.

"போவாதீங்க ஃபாதர். முதல்ல என் பாவத்தக் கேளுங்க."