சுருட்டைமுடிக்காரி

“பொண்ணுதான் வேணும். ஆணு வேணாம்,” என்றாள் இளவரசி, வாசற்படியில் நின்றபடியே.

கடைக்காரர் ராபர்ட் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வண்ணமீன் கடை அது. பின் அறையில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்திகள் குந்தியிருந்தன.

“மொத தடவையா வளக்கப் போறீங்களாம்மா?”

“மொத தடவதான்.”

“அப்ப பொண்ணுதான் சரி. ஆணு வயசுக்கு வந்துட்டா ஜோடி தேடி அலையும், சரியாத் தின்னாது, சீக்கிரம் போயிடும். பொண்ணு இருவது வருஷம்கூட இருக்கும்.”

தம்பி பாலகுமாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இருவது வருஷமெல்லாம் வேணாண்ணே. நாளைக்கு ஒரு நாள் வேலை செஞ்சாப் போதும்.”

“ஒரு நாளைக்குன்னா ரப்பர் பொம்மை வாங்கிக்க தம்பி. இது உசுரு.”

“நீங்க காட்டுங்கண்ணே. இருவது வருஷமும் நானே வெச்சுக்கிறேன்,” என்றாள் இளவரசி.

“எங்க வெச்சுக்குவ? மாமா வூட்லயா?” என்றான் பாலகுமார். அவள் பின் அறைக்குள் நுழைந்தாள்.

நாளைக்குச் சிதம்பரத்திலிருந்து அக்கா புருஷன், அந்த மாமா, வருகிறார், அக்காவைத் திரும்ப அழைத்துப்போக. பெரியப்பா கலியமூர்த்தி நடுவில் நின்று பேசி முடித்துவிட்டார். “பொண்ணுதான் வுட்டுக்குடுக்கணும். நாலு பேரு முன்னாடி மாப்ள கால்ல வுழுந்து கெளம்பிட்டா எல்லாம் சரியாப் பூடும்.” அம்மாவும் தலையாட்டிவிட்டாள். 

இன்று காலையில்தான் இளவரசி தம்பியிடம் மெதுவாக வந்து நின்றாள். “கடலூர்ல பெரிய பெரிய எட்டுக்கால் பூச்சி விக்கிறாங்களாமே, என்னைக் கூட்டிக்கிட்டுப் போறியாடா?”

பாலகுமாருக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. கோபம் வந்தால் அக்காவைப் பழைய சாமான் அறையில் தள்ளிப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிற மனுஷன் அந்த மாமா. அவருக்குக் காப்பித் தட்டில் இதை வைத்து நீட்டினால் எப்படி இருக்கும்! கீரப்பாளையத்திலிருந்து வண்டி பறந்தது.

அக்கா இந்த மாதிரி ஒரு வேலையில் இறங்குவாள் என்றே அவன் நினைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து காலையும் மாலையும் ஒட்டடைக் கம்பும் கையுமாகத்தான் திரிந்தாள். பரண், கட்டிலடி, கதவிடுக்கு ஒன்றும் பாக்கியில்லை. சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும், ஏதோ செய்யட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

ராபர்ட் ஒரு பெட்டியைக் காட்டினார். “இந்த ஆரஞ்சுக்காரி பாக்க அழகு. ஆனா மூடியத் தொறந்தா மின்னலா ஓடுவா. கோவம் ஜாஸ்தி, கடிச்சா நல்லாக் கடுக்கும். புதுசா வளக்கிறவங்களுக்கு ஆவாது.”

“அதையே குடுங்கண்ணே! மாமா அலறணும்.”

“நீ சும்மா இருடா. இருக்கறதுலயே சாது எதுண்ணே?”

பாலகுமாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சாதுவானதை வைத்துக்கொண்டு யாரை மிரட்டுவது?

“அப்ப இவதான். சுருட்டைமுடிக்காரி. மண்ணுல குழி பறிச்சுக்கிட்டு கம்முனு கெடப்பா. எப்பவாச்சும் வெட்டுக்கிளி, ஒரு மூடி தண்ணி, அவ்ளோதான். ரொம்பச் சீண்டுனா பின்னங்காலால முடிய உதறுவா, கை அரிக்கும். எடுத்துக் கொஞ்சாம, பாத்து ரசிக்கிறதுதான் அவளுக்கு நல்லது.”

“ஒரே ஒரு தடவ கையில வாங்கணும்.”

அப்போது பாலகுமாரின் போன் அடித்தது. பெரியப்பாதான். “கடலூர் போயிருக்கீங்களாமே? நாளைக்குக் கட்ட நல்ல பொடவையா ஒண்ணு எடுத்துக்குங்க. குனிஞ்சு நிமிரத் தோதா இருக்கணும்.” ஸ்பீக்கரில் அது கடை முழுக்கக் கேட்டது.

இளவரசி ராபர்ட்டைப் பார்த்தாள். “குடுங்கண்ணே.”

“கீழ உக்காருங்க அப்ப. ஒசரத்துலேருந்து வுழுந்தா அதுக்கு வயிறு வெடிச்சிடும். பயப்பட வேண்டியது அவதான், நீங்க இல்ல.”

சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள் இளவரசி. முகத்தை மட்டும் மீன்தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுருட்டைமுடிக்காரி ஒரு காலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு கால். எட்டும் ஏறியாயிற்று. கண்ணாடி வளையல்கள் கிலுகிலுவென்று அடித்துக்கொண்டன.

பாலகுமார் போனிலேயே படம் எடுத்தான். “சூப்பர்க்கா! நாளைக்கு இப்படியே மாமா மூஞ்சிக்கு நேரா நீட்டு. ஆமா, எட்டுக்கால் பூச்சின்னா அவருக்கு அவ்ளோ பயமா?”

இளவரசி மெல்லத் திரும்பினாள். நெற்றியெல்லாம் வேர்வை. கையிலிருந்ததை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அவருக்கு எங்கடா பயம்? எனக்குத்தான். அந்த ரூம் பூரா இதுங்கதான் திரியும். கதவத் தொறந்தாப் போதும்னு ஒவ்வொரு வாட்டியும் அவரு கால்ல வுழுந்திருக்கேன்.”

வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது.

“நாளைக்கு எத வெச்சு வுழ வெப்பாரு?”