செவல்காட்டுப்பட்டி ஸ்டேஷன் வரலாறு

நூறு வருஷத்துப் பிளாட்பாரத்தில் ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. போட்டவள் பட்டாசு கம்பெனி ராமுத்தாய். ஜெயசுந்தர் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சார் விருதுநகரில் வரலாற்று வாத்தியார். அன்றாடம் இங்கேதான் ரயிலேறுகிறார். கல் வளைவு, பித்தளை மணி, சுண்ணாம்புச் சுவர் என்று ஒன்று விடாமல் இந்த ஸ்டேஷனின் வரலாற்றை எழுதி வருகிறார். வருமானம் இல்லை என்று மேலிடம் இதை மூடப் பார்க்கிறது. தன் புத்தகம்தான் காப்பாற்றப்போகிறது என்பது அவர் நினைப்பு.

பட்டாசு கம்பெனிப் பெண்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. மொத்தம் இருபத்தொன்பது பேர். ஏழாயிரம்பண்ணைக் கம்பெனி வேன் வரும்வரை டிக்கெட் கவுண்டரை மறித்து நின்றுகொண்டு ஒரே சளசளப்பு. ஒருத்தியாவது ரயிலேறி அவர் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் இடிபடப் பிடிக்காமல், வேலிச் சந்து வழியாக நேரே பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவார். பத்து வருஷமாக அப்படித்தான்.

“ஏம்மா, இது என்ன குப்பைமேடா? இந்த ஸ்டேஷனோட அருமை தெரியுமா ஒங்களுக்கு? அறிவுகெட்ட கூட்டம்!”

“கை தவறி விழுந்துருச்சு சார்” என்று ராமுத்தாய் பதறிப்போய்க் குனிந்தாள்.

அதற்குள் அவரே இரண்டு விரலால் அருவருப்போடு எடுத்தார். டிக்கெட். இன்றைய தேதி.

“ரயிலே ஏறாதவளுக்கு டிக்கெட் எதுக்கு?”

“தெனம் முப்பது டிக்கெட்டாவது விக்கணுமாம் சார். இல்லேன்னா மூடிருவாகளாம். சீசன் முடிஞ்சா வேன் வராது. வேற வேலைக்குப் போக எங்களுக்கு இந்த ரயில விட்டா ஏது? அதான் ஆளுக்கு ஒண்ணு வாங்கிருதோம்.”

சாருக்குச் சிரிப்பு வந்தது. வெடிக்கு மருந்து அடைக்கிறவர்களுக்குக் கணக்கு எங்கே வரப்போகிறது?

“நீங்க இருபத்தொம்பது பேருதானே? முப்பது எங்கன இருந்து வந்துச்சு?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூரத்தில் ரயில் கூவியது. டிக்கெட்டை அவர் நீட்டினார், ராமுத்தாய் வாங்கவில்லை.

“அது ஒங்களுக்கு வாங்குனதுதான் சார்.”