வண்டியைக் கூப்பிட்டது யார்?

"அக்கா, உள்ள வராதீங்க. பிரசவ நேரத்துல வெளியாள் மூச்சுக்காத்து படக்கூடாது."

இளஞ்செழியன் வாசலை மறித்து நின்றான். எதிர்வீட்டு மாலதியின் பார்வை அவன் தோளைத் தாண்டி உள்ளே போயிற்று. தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அறிந்தவள் அவள். அவன் மனைவி அனுராதாவின் முனகல் மட்டும் கேட்காதா?

"தம்பி, காலையிலேர்ந்து கத்தினவ இப்ப அடங்கிட்டா. இது நல்லதுக்கில்லப்பா. 108-ஐக் கூப்பிடு."

"ஆஸ்பத்திரியே ஒரு வியாபாரம்க்கா. பனிக்குடம் உடைஞ்சதும் குருஜி வீட்டுக்குச் சொல்லணும், அதான் எங்க இயக்கத்து விதி. இப்பதான் பேரு, விலாசம் எல்லாம் சொன்னேன். தியானத்துல வைப்பாரு."

"அவரு தியானம் பண்ணினா புள்ளைக்குத் தலை திரும்புமா?"

கதவு சாத்திக்கொண்டது.

எஞ்சினியரிங் படித்த பையன். செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து 'மருந்தில்லா மார்க்க'த்தில் சேர்ந்தான். முதலில் காய்ச்சல் மாத்திரை குப்பைக்குப் போனது. அப்புறம் சுகாதார நர்ஸையே வாசலோடு திருப்பி அனுப்பினான்.

மாலதி போனைக் கையில் எடுத்தாள். விரல் நகரவில்லை. போன மாதம் பக்கத்து ஊரில் இப்படித்தான் ஆம்புலன்ஸ் வந்தது. கூப்பிட்டவள் என்று அண்டைவீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டு, மார்க்கத்தார் நாற்பது பேர் அவள் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டார்கள். சூடம் அணைத்துச் சத்தியம் செய்தும் விடவில்லை. மாலதிக்கோ மகளுக்கு வரன் பார்க்கிற நேரம்.

அவள் தயங்கித் தவித்துக்கொண்டிருக்கும்போதே, சாலையில் காயும் நெல்லை ஒதுக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மறிக்கப்போன இளஞ்செழியன், "என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுராதா ஆம்புலன்ஸ்காரரிடம் கை நீட்டியதும் அப்படியே சுவரோரம் ஒதுங்கிவிட்டான்.

மறுநாள் காலை, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றாராம் டாக்டர்.

மாலதியைக் கண்டதும் இளஞ்செழியன் கைகூப்பினான். "அக்கா, நீங்க மட்டும் வண்டியைக் கூப்பிடலேன்னா..."

அடுத்தவள் போட்ட கோலத்துக்கும் தானே பாராட்டு வாங்கிக்கொள்கிறவள் மாலதி. இன்று மட்டும் தலையை ஆட்டி மறுத்தாள்.

"நான் இல்லப்பா. பயந்துபோய் நின்னுட்டேன்."

"பெரிய மனசுக்கா உங்களுக்கு" என்றான் அவன். நம்பவேயில்லை.

அப்படியானால் யார்? மாலதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் நின்ற அதே ஆம்புலன்ஸ்காரரை மடக்கி, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, ஊர்க்கதை நாலு பேசி, நேற்று எந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது என்று கறந்தேவிட்டாள்.

வேப்பமரத்தடிக்கு வந்து அந்த நம்பரை அழுத்தினாள். யாரோ எவரோ, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். கண் கலங்கியது.

அவள் வாயைத் திறக்குமுன், தணிந்த குரலில் ஒரு பெண் அவசரமாகப் பேசினாள்:

"குருஜி தியானத்துல இருக்காரு, நான் அவர் சம்சாரம் பேசறேன். பனிக்குடம் உடைஞ்சிடுச்சா? பயப்படாதீங்கம்மா, விலாசத்தை மட்டும் சட்டுன்னு சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."