எந்த வருஷத்து மேக்னம்?

"இந்த மேக்னம் ரிவால்வர் எழுபதுகள்ல செஞ்சது, தம்பி," என்றாள் அடகுக்கடை ஒர்லீன்.

"இல்லக்கா. தொண்ணூறுல எங்கப்பா புதுசா வாங்கினது!"

வெளியே கடும் பனி. கழுத்துக்குட்டையை மூக்கு வரை ஏற்றியிருந்தவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"குழலைப் பிடிச்சிருக்கிற ஆணியைப் பாரு. எண்பத்திரண்டோட கம்பெனிக்காரங்க அந்த ஆணி வைக்கிறதையே விட்டுட்டாங்க."

"அப்ப எங்கப்பா பொய் சொன்னாரா?"

"நம்பர் சொல்லட்டுமே. உருளையைத் திறந்தா உள்ளே இருக்கும். கொடு, பார்த்துடலாம்."

எங்கள் வயோமிங்கில் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே துப்பாக்கியைக் கைமாற்றும் முறையையும் பழகிவிடும். அவன் உருளையைத் திறந்து, ஆறு தோட்டாக்களையும் மேசையில் கொட்டி, பிடியை அவள் பக்கம் திருப்பி மரியாதையாக நீட்டினான்.

ஒர்லீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் படித்தாள். தடித்த புத்தகமொன்றில் தேடினாள்.

"எழுபத்தெட்டு. உங்கப்பா தலையில எவனோ பழசைக் கட்டிட்டான்."

"அடப்பாவி! மனுஷன் சாகிற வரைக்கும் புதுசுன்னே நம்பினாரே!"

ஒர்லீன் தோட்டாக்களை வாரி இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

"சரி தம்பி, உள்ளே வந்ததும் 'கையைத் தூக்கு, கல்லாவைத் திற'ன்னு என்னமோ சொன்னியே... இப்ப இன்னொரு தடவை சொல்லு, பாப்போம்."