கரிபிடித்த பக்கம்

சாய்ந்தமருதின் ஒரு பழைய வீட்டின் அடுப்படிக் குசினியில், சூறாவளி கிளப்பிய ஓடுகளின் இடைவெளியால் அஸர் தொழுகை நேரத்துப் பிற்பகல் வெயில் சரிந்து விழுகிறது. வீட்டை மகள் நதீராவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த சுபைறா, இனிக் குடியிருக்கப்போவது இந்தக் குசினியில்தான். கூடாரத்துக்குள் மூக்கை மட்டும் நுழைக்கக் கேட்ட ஒட்டகத்தைக் கதைகள் ஏசுகின்றன. எங்கள் ஊரிலோ ஒட்டகம் கேட்குமுன்பே கூடாரத்தை எழுதிக்கொடுத்துவிடுகிறோம். புதுக் கல் வாங்க வசதியில்லை. ஆகவே மேசன் கலந்தர் பழைய அடுப்பு மேடையை உடைத்து, அந்தச் செங்கற்களாலேயே வீட்டுக்கும் குசினிக்கும் நடுவிலுள்ள வாசலை அடைக்கத் தொடங்குகிறார். சுபைறா இனித் தரையில் மூட்டப்போகும் அடுப்பின் புகை, வீட்டின் வெள்ளையடித்த சுவரில் படியக்கூடாது என்பது மருமகன் ஜவுபரின் விருப்பம். சுபைறா கற்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் நனைத்துக் கொடுக்கிறாள். முப்பது வருடத்துக் கரி அவளுடைய விரல்களில் வழிகிறது. கலந்தர் அவளை அக்கா முறையில் அழைத்துக் கேட்கிறார்.

“ராத்தா, சின்ன ஜன்னல் ஒண்டு வைப்பமா? மகள்ட முகத்தையாவது பாக்கலாம்.”

“மருமகனிட்டக் கேளுங்க தம்பி. இப்ப வூடு அவங்கட.”

வாசலுக்கு அப்பால் நதீரா, கறையே இல்லாத சுவரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஜவுபர் எட்டிப் பார்த்து, மேசனை அண்ணன் முறையில் அழைத்துச் சொல்கிறான்.

“ஜன்னல் வேணாம் காக்கா. புகை வரும்.”

“அப்ப மாப்பிள்ளை, கல்லுல ஒரு பக்கம் கரி. எந்தப் பக்கம் திருப்ப?”

“மாமிட பக்கம் திருப்புங்க. மாமிக்குப் பழகின கரிதானே!”

அவன் சிரிக்கிறான். நதீராவின் கை ஒருகணம் நின்று, மீண்டும் துடைக்கிறது. சுபைறா அடுத்த கல்லை நனைக்கிறாள். கரிபிடித்த பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படி, தானே திருப்பிக் கொடுக்கிறாள்.