கடல்குதிரைக்கு ஒரே ஒரு படம்

உணவுமேசையின் தலைப்பக்கம் ஜெசிந்தா, கையில் கடிதத்தாளோடு. சன்னலோரம் மகள் மெர்லின். கதவருகே முக்காலியில், முக்குளிப்பு உடையின் ஈரம் காயாமல் கணவர் ரோச்.

தாஸ்மானியக் குளிர்கடலில் எந்த உயிரையும் அதன் ஆயுளுக்கு ஒருமுறைதான் படமெடுக்கலாம். பிறகு அதைப் பார்த்து எந்தக் கேமராவும் கண் திறக்காது. ஜெசிந்தா பல குளிர்காலமாகப் பாறைப் பாறையாகத் தேடிய மஞ்சள் கடல்குதிரையை இன்று ரோச் எடுத்துவிட்டார். படம் முழுக்க அவருடைய கட்டைவிரல்.

"சும்மா கையில வச்சிக்கிடுங்கன்னுதான கேமராவக் குடுத்தேன்? முத்துக்குளிச்ச பரம்பரையாம்!"

"வயித்துல குஞ்சோட அது ஆடிக்கிட்டே நின்னுச்சு, பாத்துக்க. கை தவறிட்டு."

"அதுவும் ஆம்பளதான். இருநூறு குஞ்சச் சுமக்குது. உங்களுக்கு ஒரு கேமரா பாரமாயிட்டோ?"

மெர்லின் சிரித்தாள். "ம்மா, அந்தக் குஞ்சுகள இன்னும் யாரும் எடுக்கலயே?"

ஜெசிந்தா ஒரு கணம் யோசித்தாள். பிறகு கடல்காப்பு அலுவலகத்துக்கு முத்துமுத்தாக எழுதினாள்:

'ஐயா, வயிற்றிலுள்ள இருநூறு குஞ்சுகளைப் படமெடுக்க அனுமதி வேண்டுகிறேன். அவை பிறக்கும் முன்னரே எடுப்பதால், தகப்பனும் படத்தில் விழுவதைத் தவிர்க்க இயலாது. மன்னிக்கவும்.'

உறையை ஒட்டினாள். ரோச் எழுந்து கை நீட்டினார். அவரைத் தாண்டிப்போய் மெர்லினிடம் கொடுத்துத் தபாலுக்கு அனுப்பினாள்.